லூக்காஸின் ஒன்பது விரிப்புகள்

பிலோமினாவின் கைக்குப் போகாத கறை என்று ஒன்று இல்லை. இதை அவள் தன் வாயால் சொல்லமாட்டாள். வஸ்கெரியில் அவளோடு நின்றவர்கள் சொல்லுவார்கள். வஸ்கெரி என்பது ஒஸ்லோவின் ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் துணி தோய்த்து அனுப்புகிற சலவைத் தொழிற்சாலை. அங்கே அழுக்குத் துணி பிரிக்கும் மேசையில் இருபத்தாறு வருஷம் நின்றவள் அவள். இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். சூடு காட்டினால் அது ஆயுளுக்கும் போகாது. தேத்தண்ணிக்கு வினாகிரி. துருவுக்கு எலுமிச்சம்புளியும் உப்பும், அதற்கும் மசியாவிட்டால் மேற்பார்வையாளன் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் அமிலம். மஞ்சளுக்கு மட்டும் மருந்து கிடையாது, வெயில்தான். ஒரு பகல் நல்ல வெயிலில் கிடந்தால் மஞ்சள் தன்பாட்டில் போய்விடும். ஒஸ்லோவில் ஒக்ரோபர் பிறந்தால் அந்த வெயிலுக்கு எங்கே போவது என்பது வேறு கதை.

அந்த மேசையில் இன்னொரு பழக்கமும் உண்டு. அழுக்கு விரிப்பை ஒருவரும் முழுதாக விரித்துப் பார்க்கமாட்டார்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவது, கண்ணை ஒரு ஓட்டு ஓட்டுவது, எந்தக் கூடைக்கோ அந்தக் கூடைக்கு எறிவது. அதற்குமேல் பார்த்தால் வேலையும் நடக்காது, மத்தியானச் சாப்பாடும் இறங்காது. இது யாருடைய நோவு, யாருடைய கடைசிப் படுக்கை என்று யோசித்துக்கொண்டு நின்றால் மனிசர் சீவிக்கிறது எப்படி? புதிதாக வேலைக்கு வருகிற பெட்டைகளுக்குப் பிலோமினா முதலில் பழக்குவதே இதைத்தான்.

"விரிச்சுப் பாக்காதை பிள்ளை. மூலையே சொல்லும்."

இந்த இரண்டு கெட்டித்தனமும் சேர்ந்துதான் அவளை விழுத்தின.

அவளுடைய ஒரே மகன் லூக்காஸ் பெப்ரவரி கடைசியில் செத்துப்போனான். இருபத்தொன்பது வயது. குடலில் புற்றுநோய். டொக்டரிடம் போனபோதே பிந்திவிட்டது. அதற்கு முன் எட்டு மாசமாக இரத்தம் போயிருக்கிறது, பாவி, ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. அம்மா வேலையால் களைத்து வருகிறா, அப்பாவுக்கு இடுப்பும் நாரியும் உளைவு, ஏன் சொல்லுவான் என்று இருந்திருக்கிறான். அப்படி ஒரு பிள்ளை.

அவன் ஓவியம் படித்தவன். பள்ளிக்கூடமொன்றில் அரை நாள் உதவியாளர் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஹவுகன்ஸ்டுவாவில் அவர்கள் இருந்த அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில் கிடப்பான். வீட்டுக்கொன்றாகச் சாமான் போட்டுவைக்கக் கொடுத்த சின்ன அறை அது. தகப்பன் யேசுரட்ணத்துக்கு இதைக் கண்ணில் காட்ட ஏலாது. இருபது வருஷம் ஹோட்டல் குசினியில் சட்டி கழுவி நாரியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிற மனிசன். "படம் கீறி ஆரடா சோறு திண்டவன்?" என்று மேசையில் வைத்தே கேட்பார். பிலோமினா அப்படிக் கேட்கமாட்டாள். "அம்மா, வஸ்கெரியிலை கழிச்சுவிடுற பெட்சீற் இருந்தாக் கொண்டு வாங்கோவன்" என்று அவன் சொன்னபோது மேற்பார்வையாளனிடம் கேட்டு ஒன்பது விரிப்புக் கொண்டுவந்து கொடுத்தாள். என்னத்துக்கு என்றதற்கு, "சாயம் துடைக்க" என்று சிரித்தான். அதோடு விட்டுவிட்டாள்.

செத்தவீடு முடிந்து அவள் கட்டிலில் விழுந்தவள் விழுந்தவள்தான். இருபத்திமூன்று நாள். தலை வாரி இழுக்கவில்லை, குளிக்கவில்லை. வேலைத்தலத்துச் சிநேகிதி புஷ்பராணி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கரண்டியால் பருக்கினால் இரண்டு மிடறு இறங்கும். யேசுரட்ணம் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். இருபத்திநாலாம் நாள் காலையில் அவளுக்குத் திடீரென்று முப்பத்தோராம் நாள் பூசை நினைவு வந்தது.

ஊர்காவற்றுறையில் அவளுடைய தாய்வீட்டு வழக்கம் அது. முப்பத்தொன்றுக்கு முதல் செத்தவரின் உடுப்பும் படுக்கைத் துணியும் அழுக்கோடு வீட்டில் கிடக்கக்கூடாது. வீட்டுக்காரரே தோய்த்து, இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி, இல்லாத ஆட்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒரேயொரு துணியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிலோமினா எழும்பிச் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, கீழ் ரூமிலை அவன்ரை என்ன கிடந்தாலும் மேலை கொண்டு வாங்கோ."

யேசுரட்ணம் நாரியைப் பிடித்துக்கொண்டு நாலுதரம் படி ஏறி இறங்கினார். காற்சட்டைகள், சப்பாத்துகள், கடைசியில் கறுப்புப் பைகளில் சுருட்டிக் கட்டிய ஒன்பது விரிப்புகள். பிலோமினா ஒன்றின் மூலையைப் பிடித்தாள். மண்ணிறம். பழைய இரத்தம் தேத்தண்ணி நிறம்தானே காட்டும். புளித்த மணம் வேறு. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். நோயை மட்டுமா ஒளித்தான் என் பிள்ளை, நோயின் துணியையும் ஒளித்திருக்கிறான். ஊரார் அழுக்கை நாள் முழுக்கத் தோய்க்கிற தாய்க்குத் தன் அழுக்கையும் கொடுக்கக்கூடாது என்று இருந்திருக்கிறான். "என்ரை ராசா, என்னட்டைத் தந்திருக்கலாமேடா" என்று அந்தச் சுருளைக் கட்டிப்பிடித்துக் கத்தி அழுதாள்.

மூன்று நாள் தோய்த்தாள். கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் தொட்டியை நிரப்பி, ஒவ்வொன்றையும் முதலில் கையால் தோய்த்து, பிறகுதான் மெசினில் போட்டாள். புஷ்பராணி உதவிக்கு வந்தபோதும் தொடவிடவில்லை. பச்சைத் தண்ணீருக்கு மசியவில்லை, பழைய இரத்தம் அப்படித்தான் என்று வினாகிரி, உப்பு, எலுமிச்சை, கடைசியாக வஸ்கெரியில் கேட்டு வாங்கின அமிலம். துருவும் இருந்தது, அந்த அறையில் ஈரம், ஆணி கீணியில் கொழுவியிருப்பான் என்று நினைத்தாள். ஒவ்வொரு கறையும் தண்ணீரில் கரைந்து போகப்போக அவளுக்கு நெஞ்சில் ஒரு பாரம் குறைந்துகொண்டு வந்தது. பிள்ளையின் நோவைத் தன் கையால் எடுத்துவிடுகிற மாதிரி.

எட்டு விரிப்பு பாலாய் வெளுத்தது. ஒன்பதாவதில் மட்டும் சவர்க்காரம் பட்டதும் ஓரிடம் சிவந்து காட்டிக்கொடுத்தது. மஞ்சள். கறி ஏதும் சிந்தியிருப்பான். அலசினால் திரும்ப மஞ்சளாய் நிற்கிறது, உள்ளங்கை அகலத்துக்கு. மார்ச் மாசத்து மப்பில் அதற்கு ஒன்றும் செய்யேலாது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, எட்டு விரிப்பையும் கோயில் பெண்கள் மன்னார் முதியோர் மடத்துக்கு அனுப்பும் பெட்டிக்குள் அடுக்கினாள். கறையோடு ஒரு துணியை ஆருக்கும் கொடுக்க அவளுடைய கை விடாது. அதனால் அந்த ஒன்பதாவதே வீட்டில் வைக்கிற துணியானது. கறைப் பக்கத்தை மெத்தைக்குக் கீழே செருகிவிட்டு, அதன்மேல்தான் ஒவ்வொரு நாளும் படுத்தாள். வெயில் வரட்டும், உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கறைக்குச் சொல்லியும் வைத்தாள்.

வெயில் மே மாதத்து முதல் சனிக்கிழமை வந்தது. பனிக்காலத்தில் தெருவுக்குப் போட்ட சரளைக்கல்லைக் கூட்டி அள்ளுகிற வண்டி கீழே இரைந்துகொண்டு திரிந்தது. பிலோமினா ஒன்பது மணிக்கே விரிப்பை எடுத்துப் பல்கனிக் கொடியில் போட்டு, மஞ்சள் பட்ட இடம் சூரியனைப் பார்க்க இழுத்துக் கிளிப் குத்தினாள். பிறகு இடியப்பம் அவித்துச் சொதியும் வைத்தாள். மகன் போனபிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் தேங்காய்ப்பால் கொதித்தது. யேசுரட்ணம் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

பன்னிரண்டு மணிபோல வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கட்டைத்தலைமயிரோடு ஒரு பெட்டை.

"அன்ரி, நான் ஹன்னா. லூக்காஸின்ரை பிரெண்ட். செத்தவீட்டுக்கு வந்தனான், நீங்கள் கண்டிருக்கமாட்டியள்."

"வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ. ஆற்றை பிள்ளை நீங்கள்?"

"அப்பா யோசேப்பு. மன்னார், பேசாலை. இஞ்சை ஹொல்ம்லியாவிலை இருக்கிறம்."

"அப்ப எங்கடை ஆக்கள்தான். முதல் சாப்பிடுங்கோ. சாப்பிட்டிட்டுக் கதைப்பம்."

"இல்லை அன்ரி, வான் கீழை நிக்குது, இரவல் வாங்கினது."

"வான் நிக்கட்டும், அது ஓடிப் போகாது. இருங்கோ."

ஹன்னா இருந்தாள். இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்து இரண்டு வாய் தின்றதும் அவளுக்குக் கண் கலங்கியது. "லூக்காஸ் எந்த நாளும் சொல்லுறவர், எங்கடை அம்மாவின்ரை சொதி எண்டு" என்றாள். பிலோமினாவும் அழுதாள். அழுதபடியே இன்னும் இரண்டு இடியப்பம் தூக்கி வைத்தாள்.

"அன்ரி, நான் வந்தது உட்ஸ்தில்லிங் விசயமா." கண்காட்சியை அவள் நொர்வேஜியனில்தான் சொன்னாள். "நாங்கள் ஆறு பேர் சேர்ந்து செய்யிறம். ஆறு பேரும் ஒஸ்லோவின்ரை கிழக்குப் பக்கத்து புளொக்குகளிலை வளந்த ஆக்கள். நடுச்சுவர் லூக்காஸுக்கு எண்டு அவர் இருக்கேக்கையே முடிவெடுத்தது. இருவத்திநாலாந் திகதி திறப்பு. அவற்றை ஒன்பதையும் எடுத்துக்கொண்டு போக வந்தனான்."

"என்ன ஒன்பது?"

"பெட்சீற் அன்ரி. கீழ் ரூமிலை சுருட்டி வைச்சிருப்பார்."

பிலோமினாவின் கையில் இருந்த அகப்பை சட்டிக்குள் போனது. பெட்டை அதைக் கவனிக்கவில்லை. சந்தோசமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"உங்களுக்கு அவர் காட்டேல்லையோ? திறக்கிற அண்டைக்குத்தான் அம்மாவுக்குக் காட்டுவன் எண்டு பிடிவாதமா நிண்டவர். அது முழுக்க உங்கடை வஸ்கெரி ஆக்கள் அன்ரி. ஒரு பெட்சீற்றிலை ஒரு மனிசி. சின்னனிலை பள்ளிக்கூடம் விட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போக வாசல்லை வந்து நிக்கிறவராம். அப்ப கண்ட ஆக்கள். புஷ்பராணி அன்ரி, ஒரு சோமாலிய அம்மா, ஒரு வியட்நாம் மனிசி... தேத்தண்ணிச் சாயம், கோப்பிச் சாயம், ஆணியை வினாகிரியிலை ஊறப்போட்டு எடுத்த துரு, அவ்வளவுதான். கிட்ட நிண்டு பாத்தா வெறும் கறை. ஒரு இருவது அடி தள்ளிப் போனாத்தான் ஆள் எழும்பி நிக்கும். மூண்டு வருச வேலை அன்ரி. வருத்தத்தோடையும் கீழை போய்க் கீறினவர்."

"பிள்ளை," என்றாள் பிலோமினா. "பிள்ளை, நான் அதைத் தோய்ச்சுப்போட்டன்."

"என்ன அன்ரி?"

"தோய்ச்சு, மினுக்கி, மன்னாருக்கு அனுப்பிப்போட்டன். முப்பத்தொண்டுக்கு முதல் தோய்க்க வேணுமெண்டு... இரத்தமெண்டு நினைச்சன், பிள்ளை. அவன்ரை இரத்தமெண்டு நினைச்சன்."

ஹன்னாவின் விரல்களில் இருந்து சொதி வடிந்து சாப்பாட்டுக் கோப்பைக்குள் விழுந்தது. "எல்லாத்தையுமோ?" என்று கேட்டாள்.

"ஒண்டு கிடக்குது. மஞ்சள் பிரண்டது. அது மட்டும் போகேல்லை."

"மஞ்சளோ? அன்ரி, மஞ்சள் போட்டது ஒண்டே ஒண்டிலைதான். அது நீங்கள். ஒன்பதாவது நீங்கள்தான். அம்மாவுக்கு மட்டும் மஞ்சள் போடப்போறன், அவவின்ரை கையிலை எப்பவும் அதுதான் மணக்கும் எண்டு சொன்னவர். அது எங்கை?"

பிலோமினா எழும்பின வேகத்தில் கதிரை பின்னால் சரிந்தது. பல்கனிக் கதவைத் தள்ளித் திறந்தாள். மூன்று மணித்தியால வெயில். அந்த வருஷத்தின் முதல் நல்ல வெயில், ஒரு முகில் இல்லாமல், தான் காலையில் நேர்பார்த்து இழுத்துக் கட்டிய அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. கிளிப்பைக் கழற்ற நேரமில்லாமல் துணியை இழுத்தாள். கிளிப் பறந்து மூன்றாம் மாடியிலிருந்து கீழே போனது. உள்ளே கொண்டுவந்து நிலத்தில் போட்டுத் தேடினாள். மூலையைப் பிடித்துக் கறை சொல்லுகிறவளுக்குத் தன் மகன் வைத்த கறையைக் காணக் கிடைக்கவில்லை. ஹன்னாதான் கண்டாள். கிடந்தது. காலையில் இருந்த மஞ்சள் இல்லை, பால் கூடின தேத்தண்ணி மாதிரி ஒரு வெளிறல்.

"திரையை இழு! திரையை இழு பிள்ளை!" என்று கத்தினாள் பிலோமினா.

திரை இழுத்த அறைக்குள் இரண்டு பேரும் நிலத்தில் இருந்தார்கள். ஹன்னா தன் போனில் தேடி ஒரு படத்தை எடுத்தாள். ஒரேயொரு படம்தான். திறப்பு வரைக்கும் ஒருவரும் எடுக்கக்கூடாது என்று லூக்காஸ் சொல்லியிருந்தானாம், களவாக எடுத்தது. நிலக்கீழ் அறையின் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் விரிப்பில் ஒரு பாதி. குனிந்து நிற்கிற ஒரு பொம்பிளையின் தோளும் கொண்டையும். பிலோமினா போனைத் தூரப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள். தன் கொண்டைதான். ஊசி குத்துகிற இடம்கூடச் சரி.

"இதிலை மஞ்சள் இல்லையே?"

"அது பிறகு போட்டவர் அன்ரி. போட்டாப்பிறகு நான் காணேல்லை."

"எந்த இடத்துக்குப் போட்டவன்?"

"தெரியேல்லை அன்ரி. கேக்கேல்லை நான்."

யேசுரட்ணம் பால் பெட்டியோடு வந்தபோது பட்டப்பகலில் வீடு இருட்டாய்க் கிடந்தது. ஹன்னா எழும்பி விசயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். ஆச்சரியப்படவில்லை. அதுதான் பிலோமினாவின் கண்ணில் குத்தியது.

"உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் பால் பெட்டியை மேசையில் வைத்தார். திரும்ப எடுத்தார். திரும்ப வைத்தார்.

"கொண்டு வரேக்கை ஒரு சுருள் படியிலை அவிண்டு உருண்டு போச்சு. நான் மேல்படியிலை நிண்டனான். பாக்க, கீழை ஆரோ மனிசி படுத்துக்கிடக்கிற மாதிரி... படமெண்டு விளங்கீட்டுது."

"பின்னை ஏன் சொல்லேல்லை? வாய் இருக்கேல்லையோ உங்களுக்கு?"

"இருவத்திமூண்டு நாள் நீ எழும்பேல்லை பிலோ. அண்டைக்குத்தான் எழும்பிக் கையை மடிச்சுவிட்டனி. அதைக் குடுக்காதை, தோய்க்காதை எண்டு பறிச்சா, திரும்பவும் போய்க் கட்டில்லை விழுந்திடுவாய் எண்டு பயந்தனான். பிள்ளையும் போய் நீயும் போனா நான் ஆரைப் பாக்கிறது? படம் போனாப் போகட்டும், மனிசி எழும்பட்டும் எண்டு நினைச்சன்."

"படம் போனாப் போகட்டும்." பிலோமினா அதைத் திருப்பிச் சொன்னாள். "நீங்கள் அப்பிடித்தான் நினைப்பியள். அவன்ரை படத்தை எப்ப நீங்கள் ஒரு சாமானா மதிச்சனீங்கள்?"

அவர் குசினிக்குள் போய்ச் சரிந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி அதில் இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். செத்தவீட்டில் அழாத மனிசன். பிலோமினா போய்த் தேற்றவில்லை. அன்றையிலிருந்து நேரத்துக்குச் சோறு போட்டு வைத்தாள், மருந்து எடுத்து வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை.

மன்னாரில் விசாரித்தார்கள். பெட்டி போய்ச் சேர்ந்து, விரிப்புகள் முதியோர் மடத்துக் கட்டில்களில் விரித்தாயிற்றாம். நல்ல வெள்ளை, நல்ல துணி என்று அங்கத்தைய சிஸ்ரர் வாழ்த்துச் சொன்னாவாம். திருப்பி எடுத்துத்தான் என்ன? பிலோமினா கைபட்ட துணியில் தேடி எடுக்க ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா?

ஒரு கிழமையால் ஹன்னா போன் எடுத்தாள். ஒன்பது விரிப்புக்கான சுவரில் அந்த ஒன்றை மட்டும் தொங்கவிட ஆறு பேரும் விரும்புகிறார்களாம். இல்லை, ஐந்து பேரும்.

"ஏலாது பிள்ளை," என்றாள் பிலோமினா. "பெத்த தாயே அழிச்சவள் எண்டு ஊர் முழுக்க வந்து பாக்கிறதுக்கோ?"

"நாங்கள் அப்பிடி எழுதமாட்டம் அன்ரி. பேரும் வருசமும் மட்டும் போடுவம்."

பிலோமினா அன்று முழுக்க யோசித்தாள். அலுமாரிக்குள் கறுப்புத் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து, திரை போட்ட அறையில் விரித்து, அந்த வெளிறலைத் தொடாமல் பார்த்தாள். அவனுடைய பெயர் ஒரு சுவரில் எழுதப்படப்போகிறது என்றால் இந்த ஒன்றை வைத்துத்தான். மாலையில் அவளே போன் எடுத்தாள்.

"கொண்டு போங்கோ. ஆனா பொய் எழுதக்கூடாது. லூக்காஸ் கீறினது, தாய் அறியாமத் தோய்ச்சது எண்டு எழுதுங்கோ. தமிழிலையும் எழுதுங்கோ. பிறகு பிள்ளை, வெயில் படாத சுவரோ அது?"

"உள்ளுக்குத்தானே அன்ரி. வெயில் வராது."

இருபத்திநாலாம் திகதி ரொம்மனில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் திறப்பு. யேசுரட்ணம் பூசைக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார். சனம் நல்லாய் வந்திருந்தது. மற்றவர்களின் வேலைகளும் இருந்தன: ஒருத்தன் அடுக்குமாடிகளின் கதவு மணிப் பெயர்ப்பலகைகளை அடுக்கி வைத்திருந்தான், ஹன்னா தகப்பனின் ரெயில் வேலைச் சட்டையை மெழுகில் வார்த்திருந்தாள். நடுச்சுவரில், ஒன்பது பேருக்கான இடத்தில், ஒரு வெள்ளை விரிப்பு.

தமிழ்ச் சங்கத்து சந்திரகுமார் அதன் முன்னால் வந்து நின்று தலையைச் சரித்துப் பார்த்தார். "இதென்ன, வெறும் பெட்சீற்றைக் கொழுவி விட்டிருக்கினம்? உதை நாங்களும் வீட்டிலை கொழுவுறம்தானே?"

"வாசிக்கத் தெரிஞ்சா எழுதிக்கிடக்கிறதை வாசியும்," என்றாள் பக்கத்தில் நின்ற புஷ்பராணி. அவர் வாசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். புஷ்பராணி பிலோமினாவின் தோளைப் பிடித்தாள்.

"அதிலை ஒண்டு நானாம். என்னையும் ஒருத்தன் படமாக் கீற நினைச்சவன் எண்டதே எனக்குப் போதுமடியப்பா. நீ அழாதை."

பிலோமினா அழவில்லை. அவள் விரிப்பையும் பார்க்கவில்லை. வந்த நேரம்தொட்டு அவள் பார்த்துக்கொண்டு நின்றது நிலத்தை. எதிர்ப்பக்கச் சுவரின் உச்சியில் ஒரு நீளச் சன்னல். ஏப்ரலில் இவர்கள் இடம் பார்க்க வந்தபோது வெயில் அந்த உயரத்துக்கு ஏறியிருக்காது; மே கடைசியில் ஏறிவிட்டது. வெயில் ஒரு பாய் அளவுக்கு நிலத்தில் விழுந்து, பேச்சுகள் நடக்க நடக்க, நடுச்சுவரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஹன்னாவைத் தேடினாள். அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று நொர்வேஜியனில் லூக்காஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சன்னலுக்குத் திரை இல்லை. ஏணியைக் காணவில்லை. வெயில் விரிப்பின் கரையைத் தொட்டது.

பிலோமினா ஒருவரையும் கேட்கவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு போய், நிலத்தில் ஒட்டியிருந்த எல்லைக் கோட்டைத் தாண்டி, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து விரிப்புக்கு முன்னால் நின்றாள். கையை அகட்டிச் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தாள். ஹன்னாவின் பேச்சு நின்றது. வெள்ளைத் துணியில், கொண்டையும் தோளுமாய், ஒரு பொம்பிளையின் நிழல் எழும்பி நின்றது. இருபது அடி தள்ளி நின்றவர்கள் எல்லோரும் அதைக் கண்டார்கள். அவள் காணவில்லை. அவள் கண்டது அந்த மஞ்சளை மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஆரோ வந்து நின்றார்கள். மூச்சு வாங்குகிற சத்தத்திலேயே ஆள் தெரிந்தது.

"பிலோ, நீ போய் இரன். நான் நிக்கிறன்."

மூன்று கிழமைக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள். "கோட்டைக் கழட்டி அந்தப் பக்கத்துக்குப் பிடியுங்கோ. அதாலை வெயில் வருது."

யேசுரட்ணம் கோட்டைக் கழற்றினார். நாரி நோவோடு இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்தார். கோட்டின் நிழல் ஆடியது, ஆனால் மஞ்சளில் வெயில் படவில்லை.

அப்போதுதான் பிலோமினா துணியில் தன் நிழலைக் கண்டாள். மெல்லக் குனிந்து பார்த்தாள். மஞ்சள் அவளுடைய நிழலின் கன்னத்துக்கு வந்தது. நிமிர்ந்தாள், நெஞ்சுக்கு வந்தது. ஒரு கையை இறக்கினால் உள்ளங்கைக்குள் வந்தது. எந்த இடத்துக்குப் போட்டாய் மகனே? கன்னத்துக்கோ, கைக்கோ? ஒவ்வொரு இடமாக வைத்துவைத்துப் பார்த்தாள். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மாதிரித்தான் இருந்தது. வெயில் அந்தச் சன்னலைத் தாண்டிப்போக இன்னும் ஒரு மணித்தியாலமாவது கிடந்தது.